எந்தக் கேர்னலின் ஹெடர்? உவர்மலையில் அன்றும் இன்றும்

திருகோணமலை உள்துறைமுகத்தை நோக்கி நீண்டு இறங்கும் மேட்டு நிலம் உவர்மலை. கடித உறையில் ஓர்ஸ் ஹில் என்று எழுதுவோம். மேலே விவேகானந்தா கல்லூரியும் மாகாண அலுவலகங்களும் குடியிருப்புகளும்; கீழே இறங்கினால் துறைமுகத் தண்ணீர்; எதிர்க்கரையில் சீனன்குடாவின் பிறீமா மா ஆலையும் பழைய எண்ணெய்க் குதங்களும். இங்கே கணனித் தொழில் என்றால் வெகுகாலமாகத் தட்டச்சும் படிவம் நிரப்புவதும்தான். 2002 போர்நிறுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸ் இறுவட்டுகள் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேரத் தொடங்கின. அதன்பிறகு எங்களில் சிலருக்கு வேறொரு பித்துப் பிடித்தது: மேசையில் இருக்கும் கணனியில் வேலை செய்துகொண்டே, முற்றிலும் வேறு சிப் உள்ள ஒரு சிறு கருவிக்கு நிரல் கட்டுவது. என்னை அது இன்னும் விடவில்லை.

வேறு சிப்புக்கான நிரலைக் கட்டித் தருவது கிராஸ்-கம்பைலர். தனித்து நின்று அது பயன் தராது. அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ், ஜிசிசி என்ற கம்பைலர், ஒரு சி நூலகம் எல்லாம் சேரும்போதுதான் டூல்செயின் ஆகிறது. இந்தப் பெயர்களை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும் ஒன்று, கட்டும் வரிசையில் பின்யூட்டில்ஸுக்கு அடுத்தபடியே வந்துவிடுகிறது. அதுதான் கேர்னல் ஹெடர்.

கோப்பைத் திற, நேரம் சொல், வலையமைப்பில் இணை என்று ஒரு நிரல் இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் கேட்கக்கூடிய ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் இருக்கிறது. கேட்கும்போது கையளிக்கும் தரவு எத்தனை பைட், எந்த ஒழுங்கில் என்பதும் வகுக்கப்பட்டிருக்கிறது. இவை எழுதப்பட்டிருக்கும் இடம் ஹெடர். சிப்புக்குச் சிப் எண் மாறும். மேசைக் கணனியின் 64-பிட் எக்ஸ்86 இல் கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்பின் எண் 2. 32-பிட் ஆர்மில் அது 5. அங்கே 2 என்று கேட்டால் கேர்னல் ஃபோர்க் செய்து இன்னொரு புரொசெஸ்ஸை உண்டாக்கிவிடும். ரிஸ்க்-ஃபைவில் ஓப்பன் என்ற அழைப்பே கிடையாது. அதன் இடத்தில் ஓப்பனட், எண் 56. சி நூலகம் இந்த எண்களையும் அமைப்புகளையும் பார்த்தே கட்டப்படுகிறது. எந்தக் கேர்னலின் ஹெடரைக் கொடுத்தோமோ அது நூலகத்துக்குள் பதிந்துவிடும். பிறகு மனம் மாறினால் நூலகத்தைத் திரும்பக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

அன்று இந்த ஹெடர்களைக் கேர்னல்காரர்கள் தனியாகப் பிரித்துத் தரவில்லை. கேர்னல் மூலநிரலை முழுவதாக எடுத்து, அதற்குள் இருந்து வேண்டியதை நாமே உருவிக்கொள்ள வேண்டும். 2.4 வரிசைக் கேர்னலின் அமுக்கிய கோப்பு 20 மெகாபைட்டுக்கு மேல். தொலைபேசிக் கம்பி வழியாக நொடிக்கு 4, 5 கிலோபைட் வந்தால் நல்ல நாள். அப்படியிருந்தும் ஒரு மணிநேரத்துக்கு மேல் இணைப்பு அறுபடாமல் இருக்கவேண்டும். ஆகவே இறுவட்டில் எந்தக் கேர்னல் வந்ததோ அதுவே நமது கேர்னல். தெரிவு செய்ய அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

கையில் வந்த ஹெடரோ நிரல் எழுதுபவருக்காக எழுதப்பட்டதல்ல. கேர்னல் தனக்குத் தானே எழுதிக்கொண்ட குறிப்புகளும் வெளியே சொல்லவேண்டிய எண்களும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தன. கேர்னல் கட்டப்படும்போது மட்டும் தெரியவேண்டிய பகுதியை ஒரு மேக்ரோவால் மறைத்திருப்பார்கள். அந்த மறைப்பு சில கோப்புகளில் இருக்கும், சிலவற்றில் இராது. கேர்னலின் ஐபி ஹெடரும் சி நூலகமான ஜிலிப்சியின் ஐபி ஹெடரும் ஒரே ஸ்ட்ரக்சரை இரண்டு இடத்தில் அறிவித்து மோதிக்கொள்ளும். வெளியே இருந்த மென்பொருட்கள் சில, கேர்னலின் உள்வீட்டு அணுச் செயல்பாட்டு ஹெடரைக்கூட இழுத்துப் பாவித்தன. இன்னும் பழைய வழக்கம் ஒன்றும் இருந்தது: பொது இன்குளூட் அடைவிலிருந்து நேரே கேர்னல் மூலநிரலுக்கு ஒரு குறியீட்டு இணைப்பைப் போட்டுவிடுவது. கேர்னலைப் புதுப்பித்தால் சி நூலகத்துக்குத் தெரியாமலே அதன் ஹெடர் மாறிவிடும். 2000 ஆம் ஆண்டிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கைவிடச் சொன்னார். ஜிலிப்சி எந்த ஹெடரைக் கொண்டு கட்டப்பட்டதோ அந்த ஹெடரே அங்கே இருக்கவேண்டும் என்பது அவருடைய நிலை. வழக்கம் போக இன்னும் ஆண்டுகள் பிடித்தன.

ஆர்ம் சிப்புக்குக் கட்டுவது இதிலும் கடினம். ஹெடர்கள் வாசிக்கத் தக்க நிலைக்கு வருவதற்கே கேர்னலை முதலில் கொன்ஃபிகர் செய்யவேண்டும். அப்போதுதான் ஏஎஸ்எம் என்ற இணைப்பு ஆர்முக்குரிய அடைவைக் காட்டும். அதற்குள் ஆர்ச், ப்ரோக் என்று மேலும் இரண்டு இணைப்புகள் சிப்பின் குடும்பத்தைப் பொறுத்து உருவாகும். ஆர்முக்கு ரசல் கிங் வெளியிட்ட திருத்த ஒட்டுகளையும் மூலநிரல்மேல் போட்டாகவேண்டும். ஒட்டு ஒரு கேர்னலுக்கும் கம்பைலர் வேறொன்றுக்கும் என்று ஆகிவிட்டால் பிழைச்செய்தி கடைசிக் கட்டத்தில்தான் வரும். இரவு முழுவதும் ஓடிய கட்டுமானம் விடியும் நேரத்தில் நிற்கும். இடையில் மின்வெட்டு வந்தால் அந்த அளவுக்கும் போகாது.

தெற்காசியாவில் அந்தக் காலத்தின் பெரிய முயற்சி பெங்களூரில் நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து, எழுத்தறியாதவரும் பாவிக்கக்கூடிய மலிவான கைக்கணனி ஒன்றை உருவாக்கினார்கள். 2001 இல் அதன் முன்மாதிரி வெளிவந்தது; பெயர் சிம்பியூட்டர். உள்ளே இருந்தது இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 சிப், அதன்மேல் லினக்ஸ். உவர்மலையில் இருந்த எங்களுக்கு அந்தச் செய்தி தந்த உற்சாகத்தை இப்போது சொன்னால் நம்புவது கடினம். நம் மொழிகளுக்காக, நம் பக்கத்திலேயே, திறந்த மென்பொருளில் ஒரு கருவி! அதே சிப்புக்கு ஒரு டூல்செயினைக் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அங்கிருந்துதான் வந்தது. சிம்பியூட்டர் சந்தையில் நிலைக்கவில்லை. நான் அதை ஒரு தோல்விக் கதையாக ஒருபோதும் சொல்வதில்லை. ஆர்ம், கிராஸ்-கம்பைலர், கேர்னல் ஒட்டு என்ற சொற்கள் எங்கள் வாயில் பழகியது அதன் புண்ணியத்தில்.

ஹெடர் சிக்கலைத் தீர்த்தவர்களின் வரிசையைச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் செய்தது எவரும் கைதட்டாத வேலை. போலந்தின் பிஎல்டி லினக்ஸைச் சேர்ந்த மரியுஷ் மசூர், 2.6 கேர்னலின் ஹெடர்களைக் கையால் துப்புரவாக்கி, லினக்ஸ்-லிப்சி-ஹெடர்ஸ் என்ற தனிப்பொதியாக வெளியிட்டார். 2.6.0 இலிருந்து 2.6.12 வரை ஒரு தனிமனிதர் சுமந்த வேலை அது. டான் கெகல் எழுதிய கிராஸ்டூல் என்ற ஸ்கிரிப்ட், எந்த ஜிசிசியோடு எந்த ஜிலிப்சி, எந்த ஹெடர் சேர்ந்தால் கட்டுமானம் தேறும் என்பதை அட்டவணையாகவே கொடுத்தது. எங்களைப்போல் ஒதுக்குப்புறத்தில் இருந்தவர்களுக்கு அந்த அட்டவணை பெரிய கொடை: தேறாத கூட்டை முயன்று ஓர் இரவை இழக்கத் தேவையில்லை. மசூரின் வெளியீடுகள் நின்றபோது லினக்ஸ் ஃபுரம் ஸ்க்ராட்ச் வட்டத்தில் ஜிம் கிஃபோர்ட் துப்புரவாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினார்.

பிறகு கேர்னலே பொறுப்பை ஏற்றது. 2006 செப்டெம்பரில் வந்த 2.6.18 இல், டேவிட் வுட்ஹவுஸின் உழைப்பால், ஹெடர்ஸ்-இன்ஸ்டால் என்ற மேக் இலக்கு சேர்ந்தது. சிப்பின் பெயரையும் சேரவேண்டிய அடைவையும் சொன்னால் போதும். உள்வீட்டுப் பகுதிகள் கழிந்து, வெளியே தரத்தக்க ஹெடர்கள் மட்டும் அங்கே வந்து அமரும். கிராஸ்-கம்பைலர் இன்னும் பிறக்காத நிலையிலும் இது நடக்கும். அதற்கு அது தேவையே இல்லை. 2012 டிசெம்பரில் 3.7 கேர்னலில் டேவிட் ஹவெல்ஸ் இன்னும் ஒரு படி போனார்: வெளியாருக்கான ஹெடர்கள் அனைத்தையும் யூஏபிஐ என்ற தனி அடைவுக்குப் பிரித்துவைத்தார். கேர்னல் எதை வெளி உலகுக்கு உறுதியளிக்கிறது, எது அதன் உள்வீட்டுச் சங்கதி என்ற எல்லை அன்று முதல் கண்ணுக்குத் தெரியும் கோடாகிவிட்டது. எத்தனையோ புதுவசதிகளைவிட இந்தக் கோட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று உவர்மலையில் ஒரு மாணவர் ஃபைபர் இணைப்பில் 6.6 கேர்னலின் 130 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் இறக்கிவிடுகிறார். அதிலிருந்து கிடைக்கும் ஹெடர்கள் சில மெகாபைட்தான். கட்டுமானத்தைத் தானே நடத்தும் கிராஸ்டூல்-என்ஜியோ பில்ட்ரூட்டோ பாவித்தால் ஹெடர்ஸ்-இன்ஸ்டால் கட்டளையும் தேவையில்லை. பட்டியலில் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் போதும். ஒரு நல்ல மடிக்கணனியில் முழு டூல்செயினும் பட்டரி தீர்வதற்குள் கட்டி முடிகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோதுகூட இங்கே பிள்ளைகள் டூல்செயின் கட்டினார்கள். 20 ஆண்டுகளுக்கு முன் அதே மின்வெட்டு எங்களை முற்றாக நிறுத்தியிருக்கும்.

ஆனால் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியதும் தெரிவின் கனம் மறைந்துவிட்டது. பட்டியலில் மேலே இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். "சேர், ஆகப் புதுசைத்தானே போட வேணும்?" என்று கேட்காத வகுப்பு இல்லை. இந்தக் கேள்விக்கு நான் துறைமுகத்தைக் காட்டித்தான் பதில் சொல்வது. ஹெடர் என்பது கப்பல் போய்ச்சேரும் துறைமுகத்தின் வரைபடம். எந்த இறங்குதுறை எங்கே, எந்த எண்ணில் என்று அது சொல்லும். கட்டிய இறங்குதுறையை ஒருபோதும் இடிப்பதில்லை, புதிதாகக் கட்ட மட்டுமே செய்வோம் என்று துறைமுகம் உறுதி கொடுத்திருக்கிறது. அப்படியானால் பழைய வரைபடத்தோடு புதிய துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு ஒரு குறையும் நேராது. புதிய இறங்குதுறைகள் அதற்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். புதிய வரைபடத்தோடு பழைய துறைமுகத்துக்குப் போகும் கப்பலோ, இன்னும் கட்டப்படாத ஓர் இறங்குதுறையைத் தேடிப் போகும்.

லினக்ஸ் கேர்னல் கொடுத்திருக்கும் உறுதி இதுவே. ஓடிக்கொண்டிருந்த நிரலைப் புதிய கேர்னல் உடைக்கக்கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுத்ததில்லை. ஆகவே கருவியில் ஓடும் கேர்னலுக்குச் சமமான அல்லது அதைவிடப் பழைய ஹெடரே நிம்மதியானது. பில்ட்ரூட்டின் கைநூலும் இதையே சொல்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த டூல்செயினின் ஹெடர் நாம் அறிவித்ததோடு பொருந்தாவிட்டால், தெரிவு பிழை என்று சொல்லி அது கட்டுமானத்தையே நிறுத்திவிடும். யொக்டோ என்ற இன்னொரு கட்டுமான அமைப்பில் மசூரின் பொதியின் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது: அதன் லினக்ஸ்-லிப்சி-ஹெடர்ஸ் செய்முறைக் கோப்பில், உங்கள் கேர்னலுக்கு ஏற்றபடி இதை மாற்ற வெளிக்கிடாதீர்கள் என்ற எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது.

புதிய ஹெடர் எப்போதும் கெடுதி என்று நான் சொல்லவரவில்லை. ஜிலிப்சி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். புதிய அழைப்பொன்றைக் கேட்டு, அப்படி ஒன்று இல்லை என்று கேர்னல் பதில் தந்தால் பழைய வழிக்குத் திரும்பும் ஏற்பாடு அதனுள் உண்டு. இங்கேதான் பலர் கவனிக்காத இன்னொரு தெரிவு ஒளிந்திருக்கிறது. எனேபிள்-கேர்னல் என்ற அமைப்பில் ஒரு பதிப்பைச் சொன்னால், அதைவிடப் பழைய கேர்னலுக்கான மாற்றுவழிகளை ஜிலிப்சி கழற்றிவிடும். நூலகம் சற்றுச் சிறிதாகும். பதிலுக்கு, பழைய கேர்னல் உள்ள கருவியில் அந்த நிரலை ஏற்றினால், 2022 இல் வந்த 2.36 க்கு முந்திய ஜிலிப்சியில் அது, கேர்னல் மிகப் பழையது என்ற ஒற்றைவரியைச் சொல்லிவிட்டு முதல் அடியிலேயே செத்துவிடும். ஹெடர் மேல் எல்லையைப் போடுகிறது, எனேபிள்-கேர்னல் கீழ் எல்லையைப் போடுகிறது. இரண்டையும் ஒரே எண்ணாக, அதுவும் ஆகப் புதிய எண்ணாக, வைத்துவிடும் டூல்செயின்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஜிலிப்சி தாங்கினாலும் அதன்மேல் எழுதப்படும் நிரல்கள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்டாட்எக்ஸ் என்ற அழைப்பு 4.11 இல் வந்தது, குளோன்3 5.3 இல், ஓப்பனட்2 5.6 இல். கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஹெடரைத் தடவிப் பார்க்கும். எண் இருக்கிறது என்று கண்டால் அந்த வசதியை இயக்கிவிடும். கட்டும் மேசையில் எல்லாம் பச்சை. கருவியில் ஏற்றியபிறகு, யாரும் பார்க்காத ஒரு நாளில், செயல்பாடு இல்லை என்ற பதில் வரும். பழைய ஹெடரைத் தெரிந்தெடுத்திருந்தால் அதே குறை கொன்ஃபிகர் விடையாகவோ கம்பைல் பிழையாகவோ, மேசையிலேயே, நம் கண்முன் வந்திருக்கும். பழைய ஹெடரின் பக்கம் நான் நிற்பதற்கு இதுவே முழுக் காரணம்.

கடல் தொழில் நடக்கும் ஊரில் இது ஏட்டுக் கவலையாக இருக்கமுடியாது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் பலநாள் படகுகளைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை இலங்கை மீனைத் தடைசெய்ததன் பின்னால், கலங்களின் நடமாட்டத்தைச் செய்மதி வழியாகக் கண்காணிக்கும் பெட்டிகள் அவற்றில் ஏறின. படகில் பூட்டிய எந்தப் பெட்டியையும், அது வேலை செய்யும்வரை, எவரும் திறப்பதில்லை. வாரக்கணக்கில் கரைக்கு வராத இடத்தில் பிழைச்செய்தியை வாசிக்க ஆளும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கருவி செய்யப் பழகும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, நீங்கள் தொடவேண்டிய ஆகப் பழைய பெட்டியில் எந்தக் கேர்னல் ஓடுகிறது என்பதே. அந்த எண் தெரியாமல் டூல்செயின் தொடங்க விடமாட்டேன்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். டெபியனிலும் உபுண்டுவிலும் லினக்ஸ்-ஹெடர்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் பொதி டிரைவர் மொடியூல் கட்டுபவர்களுக்கு. அது ஓடும் கேர்னலோடு அச்சொட்டாகப் பொருந்தவேண்டும். டூல்செயினுக்கு வேண்டிய ஹெடர்கள் லினக்ஸ்-லிப்சி-டெவ் என்ற பொதியில் இருப்பவை போன்றவை. முதலாவதன் விதியை இரண்டாவதில் போட்டுக்கொண்டு, கேர்னல் மாறும்போதெல்லாம் டூல்செயினை உடைத்துக் கட்டுபவர்கள் இன்றும் உண்டு.

சிம்பியூட்டர் காலத்து உற்சாகம் எங்களுக்கு மறுபடி வந்தது சென்னையிலிருந்து. ஐஐடி மெட்ராஸில் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி புரொசெசர் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தது. 2018 இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்க்கப்பட்ட ரைஸ்கிரீக் சிப்பில் லினக்ஸ் எழுந்தது. பிறகு ரிமோ சிப் சண்டிகரில் 180 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. சிம்பியூட்டரில் சிப் இன்டெலுடையது, கருவி மட்டும் நம் பக்கத்தில் செய்யப்பட்டது. இப்போது சிப்பின் வடிவமைப்பே அடுத்த கரையில் நடக்கிறது, அதுவும் எவரும் எடுத்துப் படிக்கக்கூடியபடி திறந்து கிடக்கிறது. இதற்காக நான் மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை.

ரிஸ்க்-ஃபைவுக்குக் கட்ட வருபவர் முதலில் எதிர்கொள்வது, கேர்னல் ஹெடர் வேண்டுமா என்ற கேள்வி. எல்ஃப் என்று பெயர் முடியும் டூல்செயின் நியூலிப் நூலகத்தோடு வருகிறது. இயங்குதளம் இல்லாத சிறு சிப்புகளுக்கானது, கேர்னல் ஹெடர் அதில் இல்லை. லினக்ஸ்-ஜிஎன்யூ என்று முடிவதற்குத்தான் ஹெடர் வேண்டும். அங்கே கீழ் எல்லை தெளிவாக இருக்கிறது. 64-பிட் ரிஸ்க்-ஃபைவை லினக்ஸ் ஏற்றது 4.15 இல், 2018 ஜனவரியில்; அடுத்த மாதம் வந்த ஜிலிப்சி 2.27 அதற்குக் கீழ் போகாது. 32-பிட் ரிஸ்க்-ஃபைவ் 2021 பெப்ரவரியில் ஜிலிப்சி 2.33 இல் சேர்ந்தபோது கீழ் எல்லை 5.4 ஆனது. அந்த 32-பிட் ரிஸ்க்-ஃபைவில் நேரத்தைக் குறிக்கும் எண் முதல்நாளிலிருந்தே 64-பிட்.

பழைய 32-பிட் ஆர்முக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அதன் 32-பிட் நேர எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். நமது கடிகாரத்தில் அப்போது காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. மாற்றுவழி 5.1 கேர்னலில், 2019 இல் வந்தது: 32-பிட் சிப்புகளுக்கு 64-பிட் நேர அழைப்புகள். மசில் என்ற இன்னொரு சி நூலகம் 2020 இல் 1.2.0 பதிப்பிலிருந்து அதையே இயல்பாக்கிவிட்டது. ஜிலிப்சியில் 2.34 இலிருந்து கேட்டு வாங்கவேண்டும், கேர்னலும் 5.1 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். டெபியன் தன் 32-பிட் ஆர்ம் பொதிகளை 2024 இல் இந்தப் பக்கத்துக்கு நகர்த்தியது. பழைய ஹெடரைத் தெரிந்தெடு என்று இத்தனை நேரம் சொன்ன நான், 5.1 என்ற இந்த ஒரு கோட்டுக்குக் கீழே இறங்காதே என்றும் சொல்லியாகவேண்டும். கருவியின் கேர்னல் 4.9 என்றால் ஹெடரைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை. கேர்னலை மாற்றும் வழியை முதலில் தேடவேண்டும்.

மலிவான ஆர்ம் போர்ட்டுகளில் அது எளிதாக நடக்காது. விற்பவர் தன் டிரைவர்களை ஒரு பழைய கேர்னலோடு கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த போர்ட்டுக்குப் போய்விடுகிறார். 4.19 இன் நீண்டகாலப் பராமரிப்பு 2024 டிசெம்பரில் முடிந்தது. அதில் நிற்கும் கருவிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. ஆகவே இங்கே நாங்கள் இப்போது போர்ட்டை வாங்கும்போதே கேர்னலைப் பார்க்கிறோம். மூலக் கேர்னலில் நேரடியாக எழக்கூடிய போர்ட்டா, இல்லையா என்பது விலைக்கு முன்னால் கேட்கும் கேள்வி. கட்டிய டூல்செயினின் அடைவில் ஒரு சிறு உரைக்கோப்பு: ஹெடர் எந்தப் பதிப்பு, எனேபிள்-கேர்னல் எந்தப் பதிப்பு, எந்தக் கருவியை மனதில் வைத்து, ஏன். அன்று இதை எழுத அவசியம் இருக்கவில்லை. இருந்ததே ஒரு கேர்னல்.

இப்போது ஒரு மாணவர் குழு அலைமட்டம் பதியும் கருவி ஒன்றுக்கு மசில் டூல்செயின் கட்டிக்கொண்டிருக்கிறது. 32-பிட் ஆர்ம், கருவியில் 6.1 கேர்னல், கையிருப்பில் உள்ள பழைய போர்ட்டில் 5.10. ஹெடராக அவர்கள் தெரிந்தெடுத்தது 5.10.